கல் நத்தை ஒதுங்கிய வளைவு

நேற்றைய மழைக்குக் கிராவல் மண் வாசனை என் வாசல் வரை வந்துவிட்டது. வயல் நனைந்தால் வருகிற வாசனை இல்லை அது. காய்ந்த சட்டியில் தண்ணீர் தெளித்தமாதிரி ஒரு வறட்டு நெடி. காலையில், வயலைத் தூர்த்து மனை போட்ட புது நகரிலிருந்து நாலு பேர் வந்து நின்றார்கள். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீராம்.

"இங்க வாய்க்கால் ஏதாச்சும் இருந்துச்சாங்க? உங்களுக்குத்தான் தெரியும்ங்கிறாங்க."

எனக்கு வந்த கோபத்தில் காபி டம்ளரை வைத்த சத்தம் அவர்களை ஓரடி பின்னால் தள்ளியது. நாலு பேரில், மஸ்கட்டில் என்னோடு இருந்த ஜபார் பாயும் ஒருவர். ஈரக் கைலியோடு பின்னால் நின்றார்.

அந்த நெடி முதன்முதலில் என் மூக்கில் ஏறியது மஸ்கட்டுக்கு அப்பால் ஒரு பாறைக்காட்டில். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். குத்தாலம் பக்கமிருந்து போன எங்கள் கூட்டத்தில் மூன்றே மாதத்தில் அரபியில் சண்டை போடக் கற்றவன் என்னைத் தவிர எவனும் இல்லை, விசாரித்துப் பாருங்கள். கம்பெனி ஜீப் என் கையில். மெட்ராஸ் இன்ஜினியர் ஒருவருக்குக் கல்லாகிப்போன சிப்பி, நத்தை தேடுகிற பித்து. அதற்காக என் வெள்ளிக்கிழமை விடுமுறையைப் பிடுங்கிக்கொண்டார். கேம்ப் சமையல்காரர் ஜபார் பாய் சோற்றுப் பொட்டலத்தோடு பின்னால் ஏறிக்கொண்டார்.

எங்கள் ஊரில் மாங்காய் அடிக்கக்கூட மண்ணாங்கட்டிதான். அங்கே கண்ணுக்கெட்டிய மட்டும் கல். இன்ஜினியர் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு மேடு மேடாக ஏறி இறங்கினார். மதியம் வரை ஒன்றுமில்லை. நான் கீழே வறண்டு கிடந்த ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வருஷத்தில் ஒருநாள் ஓடினாலும் தண்ணீர் தண்ணீர்தானே. எங்கள் வாய்க்காலில் வண்டலும் நத்தையும் வளைவின் உள்பக்கம்தான் ஒதுங்கும்.

"சார், மேல தேடாதீங்க. அந்த வளைவுல பாருங்க."

"சேத்துல நடந்தவனுக்குப் பாறையைப் பத்தி என்னய்யா தெரியும்?"

"தண்ணியப் பத்தித் தெரியும் சார்."

நானே இறங்கிக் கிளறினேன். பத்து நிமிஷம் ஆகவில்லை, உள்ளங்கை நிறைய ஒரு நத்தை. எங்கள் வயல் நத்தையின் அதே சுருள், அதே வாய். கனம் மட்டும் கல். பழக்கதோஷம், காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன்.

"கறி இருக்கான்னு பாக்குறீங்களாண்ணே? கோடி வருசத்துக் கறி, வேகாது" என்றார் ஜபார் பாய்.

இன்ஜினியர் அதை என் கையிலிருந்து வாங்கிக் கைக்குட்டையில் சுற்றினார். சாயங்காலம் கேம்பில், பாறையின் அடுக்கைப் படித்துத் தானே எடுத்ததாகச் சொன்னார். நான் எழுந்து, "வளைவ காட்டுனது நான்" என்றேன். கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், ஜபார் பாயைத் தவிர. இனி தண்ணீரைப் பற்றி எந்தப் படித்தவனுக்கும் வாய் திறப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் மாற மாட்டேன். என் திமிர் அது.

ஊர் திரும்பி ஒரு டிப்பர் வாங்கினேன். ஒன்று ஆறானது. எவன் தயவும் இல்லை. அப்போதுதான் இந்த மனைகளுக்குக் கிராவல் அடிக்கக் கூப்பிட்டார்கள். வரைபடம் போட்ட இளைஞர் தாளை என் டிப்பர் பானெட்டில் விரித்து, "எல்லாம் சமதரைதாங்க" என்றார். தாளில் வாய்க்கால் இல்லை. என் செருப்புக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. கரையில் நத்தை அப்பியிருந்தது; வாத்துக்காரன் ஓட்டிவந்த வாத்துகள் அதைக் கொத்திக்கொண்டிருந்தன. சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பழைய சிரிப்பு காதில் கேட்டது. படிச்சவன் பார்த்துக்கட்டும் என்று முதல் லோடை நானே கொட்டினேன், வளைவிலேயே.

ஜபார் பாய் மஸ்கட்டிலிருந்தே இந்த நகரில் மனை வாங்கிப் போட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்தபோது சுவர் எழும்பிவிட்டது. அப்போதும் நான் சொல்லவில்லை.

இப்போது வாத்துக்காரர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. நத்தை எடுக்கிற பெண்கள் கொள்ளிடம் தாண்டிப் போகிறார்கள். வரைபடக்காரன் வேறு ஊரில் வேறு தாளை விரித்திருப்பான். நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். யாரை நினைத்து என்று கேட்காதீர்கள்.

காலையில் மற்ற மூவரும் போன பிறகு ஜபார் பாய் கைலியைப் பிழிந்துகொண்டே நின்றார்.

"வளைவு எங்கண்ணே இருந்துச்சு?"

அவர் வீட்டுச் சமையல்கட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. இருந்தது.