ஒரு விகிதமும் டாக்டர் செங்கமலமும்

ஞாயிறு காலை கோலியனூரில் பேருந்துக்கு நின்றிருந்தபோது டாக்டர் செங்கமலத்தின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சார். நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சு." விழுப்புரம் போகவேண்டிய நான் அவர் வீடிருந்த திண்டிவனத்துக்குப் பேருந்து ஏறினேன்.

அதற்குள் இரங்கல் செய்திகள் வரத் தொடங்கியிருந்தன. பலரும் 'சிரித்த முகம்' என்று எழுதியிருந்தார்கள். அவர் அதிகம் சிரித்தவர் அல்ல. கடைசி ஆண்டுகளில் சிரிக்க நாங்கள் காரணம் எதுவும் வைக்கவுமில்லை. கூட வேலை செய்த எங்களுக்கு இது தெரியும்.

விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொண்டார். நான் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் பிரிவில் மருத்துவராக இருந்தேன். மார்பகப் புற்றுநோயில் சிலருக்கு மருந்து ஏற்றியதும் கட்டி கரையும், சிலருக்கு அசையாது. யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே அறிய வழி உண்டா என்பதுதான் அவர் தேடல். எல்லோருக்கும் எடுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே அவர் அதைத் தேடினார். உடம்பில் அழற்சி இருந்தால் வெள்ளையணுக்களில் ஒரு வகை ஏறும், இன்னொரு வகை இறங்கும். அந்த இரண்டின் விகிதம் உயர்ந்திருந்தவர்களில் பலருக்கு மருந்து சரியாகக் கேட்கவில்லை என்பதைக் கவனித்தார்.

எங்கள் தலைமை மருத்துவருக்கு அது பிடித்துப்போனது. செலவில்லாத சோதனை அல்லவா! செங்கமலம் அன்றே சொன்னார்: "சார், கூட்டத்தைப் பத்திதான் இந்த நம்பருக்குத் தெரியும். எதிர்ல உக்காந்திருக்கிறவளைத் தெரியாது." தலைமை மருத்துவர் தலையாட்டினார். அடுத்த மாதமே நான் விடுப்பில் இருந்த ஒரு நாள், மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து வந்த அஞ்சலையிடம், "இந்த நம்பருக்கு மருந்து கேக்காதும்மா. ஊருக்குப் போய் நல்லா சாப்பிடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

செய்தி செங்கமலத்துக்கு எட்டியபோது மாதங்கள் ஓடியிருந்தன. அவரும் நானும் குப்பத்துக்குப் போனோம். அஞ்சலை கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். காலில் துணி சுற்றியிருந்தது.

"கால்ல என்னம்மா?"

"திருக்கை முள்ளு குத்தினதுங்க. ஆறவே மாட்டேங்குது, சீழ் வெச்சிக்கினே இருக்குது."

"ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவே இருந்துதா?"

"இருந்துதுங்க. நான் மார்ல கட்டின்னு வந்தேன். காலைப் பத்தி யாரு கேட்டாங்க?"

அந்த விகிதத்தை அந்தப் புண்ணே ஏற்றியிருக்கலாம். செங்கமலம் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

புண்ணை ஆற்றி மறுபடி ரத்தம் எடுத்தோம். விகிதம் இறங்கியிருந்தது. மருந்து ஏற்றினோம். கட்டி என் விரலுக்குக் கீழே கரைந்ததை நானே பார்த்தேன். ஆனால் வீட்டில் வீணே கழிந்த மாதங்களில் நோய் கல்லீரலுக்குப் போயிருந்தது. அஞ்சலை இறந்தார்.

அதன் பிறகு விகிதம் கேட்டு வந்த ஒவ்வொரு அறிக்கையின் கீழும் செங்கமலம் எழுதினார்: 'இதைக் கொண்டு யாருக்கும் சிகிச்சையை மறுக்கக் கூடாது.' நோயாளிகள் பயப்படுகிறார்கள் என்று சொல்லி நிர்வாகம் அந்த வரியை நீக்கச் சொன்னது. "வரி போனா நானும் போறேன்" என்றார். போகவிட்டார்கள். அவரைத் தடுக்க ஒருவரும் எழவில்லை.

திண்டிவனத்தில் உடல் கிடத்தியிருந்த கூடத்தில் தலைமை மருத்துவர் மாலை வைத்துவிட்டுப் பேசினார். "அம்மையாரின் ஆய்வு எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றியது" என்றார். அஞ்சலையின் பெயர் அவர் வாயில் வரவில்லை, மறந்தே போயிருப்பார். வெளியே வந்தவர், வாசலில் ஓரமாக அழுதுகொண்டிருந்த ஒருவரைப் பார்த்து, "சொந்தமா?" என்று கேட்டார். அவர் அஞ்சலையின் கணவர்.

"இல்லீங்க. எங்க வீட்டுக்காரம்மா செத்தப்ப, வீட்டுக்கு வந்து மன்னிப்பு கேட்டாங்க. ஆஸ்பத்திரில இருந்து வேற யாரும் வரலீங்க."

செங்கமலம் அப்படிப் போய்வந்தது எனக்கே அன்றுதான் தெரியும். தலைமை மருத்துவர் காரில் ஏறினார்.

அந்த விகிதத்தை இன்றும் பார்க்கிறேன், அது பயனற்றதல்ல. ஆனால் அதைப் பார்ப்பதற்கு முன் வாயைத் திறக்கச் சொல்கிறேன், காய்ச்சல் உண்டா என்று கேட்கிறேன், உள்ளங்கால் வரை பார்க்கிறேன். நேற்றுகூடப் பெருமுக்கலிலிருந்து வந்த ஒரு பெண் சலித்துக்கொண்டார்: "மார்ல கட்டின்னு வந்தா பல்லைப் பாக்கறீங்களே டாக்டரே!" சொத்தைப் பல்லடியில் சீழ் இருந்தது. செங்கமலத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது, நம்பரைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்க்கும் இந்தத் தாமதம்தான்.