அனக்லெத்தோவுக்குத் தண்டனை கிடைத்த நாள்

அனக்லெத்தோ யூக்ரா எனக்கு இருநூற்று நாற்பது பொலிவியானோ கடன்பட்டிருந்தான். நாங்கள் இருந்த சிறைக்குள் அவனை நம்பிக் காசு கொடுத்த ஒரே ஆள் நான்தான். இன்று எல் ஆல்டோ நகரில் மூன்று ரொட்டிக்கடை வைத்திருக்கிறேன். படித்தது மூன்றாம் வகுப்பு. ஆளை எடைபோட எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை, தேவையும் படவில்லை.

அப்போது எனக்கு எட்டு வருடத் தண்டனை. உள்ளேயே அடுப்புப் போட்டு ரொட்டி சுட்டேன். எட்டு வருடம் என்றால் வெளியே இருப்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். உள்ளே அது சொத்து. கரை தெரிகிற ஆறு எவ்வளவு அகலமானாலும் நீந்திவிடலாம். அதோடு, இரண்டு நாள் வேலை செய்தால் தண்டனையில் ஒரு நாள் கழியும்.

அனக்லெத்தோவுக்குத் தண்டனையே இல்லை. கட்டட வேலையில் தச்சன். சம்பளம் தராத முதலாளியின் சிமெண்டை ஒரு லாரி விற்றுவிட்டான். விற்றேன் என்று முதல் நாளே ஒப்புக்கொண்டான். ஆனாலும் மூன்று வருடமாக வழக்கு நடக்கவில்லை. ஒரு தடவை நீதிபதி மாறினார், ஒரு தடவை காவலுக்கு ஆளில்லை. தண்டனை இல்லாதவன் எதிலிருந்து நாளைக் கழிப்பான்? தச்சுப் பட்டறையில் அவனுக்கு இடம் கிடையாது. கடனும் கிடையாது. நாளைக்குப் போவானா, பத்து வருடம் கழித்துப் போவானா என்று தெரியாதவனுக்கு எங்களிடம் பெயர், காற்று.

ஒருவழியாக வழக்கு நாள் வந்தது. கூட்டிப்போகும் காவலர்களின் வாடகைக் காருக்கும், வழக்குக் கோப்பை நகலெடுக்கவும் கைதிதான் காசு தர வேண்டும். அவன் என் அடுப்படியில் வந்து நின்றான்.

"அண்ணே, இந்தத் தடவ விட்டா இன்னும் ஒரு வருஷம் ஓடிரும்."

"அங்க போய் என்னத்தக் கேக்கப் போற? விடுதலையா?"

"அதெல்லாம் நமக்கு எவன் தருவான். ஒரு நம்பரச் சொல்லுங்க சாமின்னு கேப்பேன்."

ரொட்டிக்கு நின்ற எங்கள் பகுதிக் கைதிகளின் தலைவன் ரெமிஹியோ சிரித்தான். "செராப்பியோ, காத்துக்கா கடன் குடுக்குற? வட்டிய பலூன்ல பிடிச்சுக்கோ."

"என் காசு. நீ ரொட்டிய வாங்கிட்டு நடையக் கட்டு."

நீதிமன்றத்தில் நடந்ததை அவன் மனைவி பாசிலியா பிறகு என்னிடம் சொன்னாள். ஐந்து வருடம் என்று நீதிபதி வாசித்ததும் அனக்லெத்தோ துள்ளிக் குதித்துவிட்டானாம்.

"ஐந்து வருஷம். காதுல விழுந்துதா?" என்று நீதிபதி கேட்டிருக்கிறார்.

"நல்லா விழுந்துது ஐயா. உங்க குடும்பம் நல்லா இருக்கணும்."

பாசிலியா அழுதாளாம். "அஞ்சுங்கறாங்க, நீ பல்லக் காட்டுற?"

"அடி கிறுக்கி, மூணத்தான் ஏற்கெனவே தின்னு முடிச்சாச்சே. மிச்சத்துக்கு நான் வேல செய்யலாம்."

அவன் திரும்பி வந்தபோது எங்கள் பகுதி முழுவதும் சட்டியும் மூடியும் தட்டியது. முற்றத்து மண்ணில் பீர் ஊற்றி, பூமித்தாய் கேட்கும்படி வருடக் கணக்கை உரக்கச் சொல்வது எங்கள் வழக்கம். அவன் "அஞ்சு" என்று கத்திய கத்தலில் கோபுரத்துக் காவலாளி எட்டிப் பார்த்தான். அன்றைக்கு ரொட்டி முழுக்க என் செலவு. ரெமிஹியோவே வந்து அவன் தோளில் கை போட்டான்.

"பலகை, ஆணி எதுனாலும் எங்கிட்ட எடுத்துக்க தம்பி. காச மெதுவாக் குடு."

"நேத்து நான் காத்து அண்ணே. இன்னிக்கு நாற்காலியே செய்வேன், உக்காந்து பாருங்க."

செய்தான். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த சனம் அவன் நாற்காலிகளைத் தலையில் வைத்துத் தூக்கிப்போனது. வந்த காசைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்தான். என் கடனை நான் கேட்கவில்லை. நான் எடைபோட்ட ஆள் எடை குறையமாட்டான்.

நாள் கழிந்து கழிந்து, ஒன்றரை வருடம் ஆகுமுன்னே அவனுக்கு வாசல் திறந்தது. கடனோடு வாசல் தாண்டுகிறவனின் கால் மறுபடி உள்ளேதான் வரும் என்பது எங்கள் நம்பிக்கை. காவலர் இரும்புக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அவசரப்படுத்தினார். அனக்லெத்தோ அசையவில்லை. தன் உளியையும் இழைப்புளியையும் விற்ற காசைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தான்.

"ரெமிஹியோ அண்ணே, நீங்களும் பாத்துக்கங்க. செராப்பியோ அண்ணே, கைய நீட்டுங்க."

நீட்டினேன். நூறு, இருநூறு என்று எண்ணி வைத்தான். பிறகு இரண்டு இருபது பொலிவியானோத் தாள்களை, ஒவ்வொன்றாக நீவி, என் உள்ளங்கையில் வைத்தான்.