மணி ஓசைக்கு எழாத குட்டிகள்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டார் யாரிடமும் முழுதாகச் சொல்வதில்லை. "திருச்சியில காலேஜ்ல ஆராய்ச்சி பண்றா" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வாள். எலி வளர்க்கிறேன் என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். வீட்டில் எலிக்குப் பொறி வைக்கிறவர்கள் நாங்கள். அதே எலிக்கு ஏசி போட்டு, வேளாவேளைக்குத் தீனி வைப்பதற்கு ஒருத்திக்கு மாதாமாதம் பணம் தருகிறார்கள் என்றால் தெருவில் யார் நம்புவார்கள்?

என்னுடையவை நாக் அவுட் எலிகள். ஒரே ஒரு மரபணுவை மட்டும் வேலை செய்யாமல் நிறுத்திவிட்டு, அதனால் உடம்பில் என்ன கெடுகிறது என்று பார்ப்பதற்காக உருவாக்கியவை. என் எலிகளில் நிறுத்தியிருந்தது காது கேட்பதற்கு வேண்டிய ஒரு மரபணு. அக்கா மகனுக்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில், ஃபெலோஷிப் கிடைத்த இடம் இது, வந்து சேர்ந்தேன்.

அக்கா மகனுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அக்காவைக் கட்டியவர் எங்கள் அத்தை மகன். இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆனால் இருவரிடமும் ஒரே மரபணுவில் ஆளுக்கொரு பழுது ஒளிந்திருந்து, இரண்டும் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்துவிட்டன என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. என் எலிகளுடையது வேறு மரபணு, கணக்கு மட்டும் இதேதான். அத்தையிடம் பொறுமையாக விளக்கினேன். "கிரகணத்தன்னிக்கு இவ வயித்துப் புள்ளையோட மொட்டை மாடிக்குப் போய்த் துணி எடுத்தா. நான் கண்ணால பாத்தேன்" என்று அவர் பேச்சை முடித்துவிட்டார்.

அத்தை சொன்னது போகட்டும். அக்காவே அதை நம்பினாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காதுக்குள் கருவி பொருத்தும் ஆபரேஷனுக்கு டாக்டர் எப்போதோ எழுதிக்கொடுத்துவிட்டார். தள்ளிப்போட்டால் பேச்சு வருவது கஷ்டம் என்றும் சொல்லியிருந்தார். பிள்ளைக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. அக்காவோ ஒவ்வொரு கோயிலாகப் போய் வேண்டுதலை நிறைவேற்றிக்கொண்டிருந்தாள். செய்த பாவம் தீருவதற்கு முன்னால் பிள்ளை தலையில் கத்தி வைத்தால் அவனையே பறிகொடுத்துவிடுவோம் என்று அவளுக்குப் பயம். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும்.

எங்கள் கட்டடத்துக்குள் வீட்டு ஆட்களை விடுகிற நாள் வருடத்தில் ஒன்றுதான், ஆயுத பூஜை. மைக்ராஸ்கோப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுப்போம். எலிகள் இருக்கும் பக்கம் மட்டும் எங்கள் மேடம் கறாராக இருப்பார். சாம்பிராணி கூடாது, கற்பூரம் கூடாது, சத்தம் கூடவே கூடாது. பயந்தால் தாய் எலி குட்டியைக் கடித்துவிடும்.

அந்த வருடம் அக்கா பிள்ளையோடு வந்திருந்தாள். அன்று சோதிப்பதற்காக ஒரு கூண்டைத் தனி அறையில் கண்ணாடி ஜன்னலை ஒட்டி வைத்திருந்தேன். உள்ளே தாய், தகப்பன், கொஞ்சம் வளர்ந்த குட்டிகள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

வாட்ச்மேன் அண்ணனுக்கு யாரும் தடையைச் சொல்லவில்லை போலிருக்கிறது. வாசலில் பூஜை முடித்தவர், ஒரு இடமும் விட்டுப்போகக் கூடாது என்று எங்கள் வராந்தாவுக்கே வந்து, கை மணியை ஓங்கி அடித்தார்.

"அண்ணே, நிறுத்துங்க! எலி இருக்குண்ணே!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

"எலி பிள்ளையாரு வாகனம்மா, அதுக்கு மணி அடிக்காம எப்படி?" என்றார் அவர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மணியைப் பிடுங்காத குறையாக அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினேன்.

அக்கா கண்ணாடியில் நெற்றி முட்ட நின்றிருந்தாள். தாயும் தகப்பனும் துள்ளி எழுந்து, காதை விறைத்துக்கொண்டு மூலைக்கு ஓடியிருந்தன. குட்டிகளும் சிதறியிருந்தன. இரண்டு குட்டிகள் மட்டும் அசையாமல் தூங்கின.

"இந்த ரெண்டும் ஏன்டி எழல?"

"அதுங்களுக்குக் காது கேக்காதுக்கா."

"அம்மாக்காரிக்குக் கேக்குதே. எப்படிப் பதறுது பாரு."

"அதுக்கும் கேக்கும், அப்பாவுக்கும் கேக்கும். ரெண்டு பேருக்குள்ளயும் ஒளிஞ்சிருந்தது இந்தக் குட்டிகள்ல வந்து சேந்திருக்கு."

தாய் எலி திரும்பி வந்து, தூங்குகிற ஒரு குட்டியின் கழுத்தைப் பல்லால் கவ்வியது. எனக்கு உயிரே போய்விட்டது. கடிக்கவில்லை, மெதுவாகத் தூக்கிப்போய் மூலையில் வைத்தது. பிறகு வந்து அடுத்ததையும் தூக்கிக்கொண்டு போனது.

அக்கா பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "இந்தத் தாய் வெளிய எங்கயாவது போயிருக்கா?" என்று கேட்டாள்.

"இந்த ரூம்லயே பொறந்து வளந்தது. வானத்தையே பாத்ததில்ல."

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். நான் எத்தனையோ தடவை வரைந்து காட்டிய கணக்கு அவளுக்கு ஏறவில்லை. இது ஏறிவிட்டது. எனக்கும் கண் கலங்கியது, சந்தோஷமாகவும் இருந்தது. எழுந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, டாக்டர் என்றைக்கு இருப்பார் என்பதுதான்.

அத்தையிடம் அவளே பேசினாள். என்ன பேசினாளோ, ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரிக்கு அத்தையும் ஃபிளாஸ்கோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

தையல் ஆறியபின் ஒருநாள் கருவியை இயக்கிப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "கூப்பிடுங்க" என்றாள். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கண்ணா" என்றாள். பிள்ளை திடுக்கிட்டு, முகம் கோணி, வீறிட்டு அழுதான். நான் பதறிப்போய்த் தூக்கப் போனேன்.

அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"இருடி, அழட்டும். என் குரலைக் கேட்டுப் பயந்துட்டான்டி!"