பதினேழாவது கருத்துக் கணிப்பு

ராஜகுமாரியின் வீட்டை இடிப்பதா வேண்டாமா என்று ஒன்பது பேரிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். ராஜகுமாரியிடம் கேட்கவில்லை. அவளுக்கு ஈமெயில் கிடையாது.

2006 மார்ச்சில் ஒரு புதன்கிழமை. கொடைக்கானல் ஏழு ரோட்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் நடத்தும் சுமலதாதான் விஷயத்தைச் சொன்னாள். தேவாலயச் சபைச் செயலாளர் பாலகுமாருக்கு வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. சுமலதாவின் மூன்றாம் நம்பர் மேசையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டுவார். தட்டி முடித்ததும், "கொஞ்சம் அனுப்பி விட்டிரும்மா" என்பார். அனுப்புகிறவள் படிக்காமலா அனுப்புவாள்?

"யக்கா, கார் நிறுத்த எடம் வேணுமாம். ஒங்க வீட்ட எடுக்கப் போறாங்க. வெள்ளிக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள யாரும் வேண்டாம்னு எழுதலைன்னா எல்லாருக்கும் சம்மதம்னு அர்த்தமாம்."

"பேசாம இருந்தா சம்மதமா?"

"அப்பிடித்தான் போட்டிருக்காரு. ஒருத்தர் வேண்டாம்னாக்கூட கூட்டம் போட்டுப் பேசணுமாம். அதையும் போட்டிருக்காரு, கடைசி வரியில."

கமிட்டியில் செயலாளர் போக ஒன்பது பேர். ஒன்பது பேரும் கீழே இருந்தார்கள்: மதுரை, கோயம்புத்தூர், சென்னை. குளிர் ஒத்துக்கொள்ளாது. தாத்தா பெயர் பெஞ்சுகளில் பொறித்திருப்பதால் பேரன்கள் கமிட்டியில் இருந்தார்கள். மே மாதம் குடும்பத்தோடு ஏறி வந்து, கோயிலை ஒட்டிய விருந்தினர் அறைகளில் பத்து நாள் தங்கி, மலையைப் பார்த்துக் கர்த்தரைத் துதித்துவிட்டு இறங்குவார்கள். போதகர் மூன்று சபைகளுக்குப் பொது. எதைக் கேட்டாலும் கமிட்டி முடிவுக்குக் கட்டுப்பட்டவன் என்பார். அது உண்மையும்கூட.

பாலகுமார் இன்சூரன்சில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் அறுபத்தொரு வயதில் ஈமெயில் கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து 'அவசரக் கருத்துக் கணிப்பு' என்று நம்பர் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். போதகர் அங்கி மாற்றும் உடுப்பறையின் திரைக்கு என்ன நிறம் என்பது நான்காவது கணிப்பு. அதற்கு நாற்பத்து மூன்று மெயில்கள் போய் வந்தன. நீலம் என்று முடிவாயிற்று. திரை இன்னும் வாங்கவில்லை. ஒன்பதாவது கணிப்பு கிறிஸ்துமஸ் கேக்கில் முந்திரி போடுவது பற்றி. அதிலேயே மூன்றாவது வரியாக ராஜகுமாரியின் அடுப்படிச் சுவர் வெடித்திருப்பதையும் சேர்த்திருந்தார். ஒன்பது பேரும் முந்திரிக்குப் பதில் எழுதினார்கள்.

ராஜகுமாரி பதினாலு வயதில் நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். மண்டபம் முகாமில் எட்டு மாதம் இருந்தாள். பிறகு பெற்றோரோடு இந்த மலைக்கு மரம் வெட்டும் வேலைக்கு அனுப்பப்பட்டாள். கல்யாணமும் அதே வேலை பார்த்தவனோடுதான். தொண்ணூற்றொன்றில் மரம் சாய்ந்து அவன் போனான். அப்போதிருந்த போதகர் கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீட்டைக் கொடுத்து வேலையும் கொடுத்தார். பெருக்குவது, மணி அடிப்பது, குத்துவிளக்கு துலக்குவது. மே மாதம் காலை ஐந்து மணிக்குக் கொல்லையில் இருக்கும் பாய்லருக்கு விறகு வைத்து, அறை அறையாக வெந்நீர் சுமப்பது.

வியாழக்கிழமை காலை பாலகுமார் உடுப்பறையில் இருந்தார். ராஜகுமாரி விளக்குமாற்றோடு போய் நின்றாள்.

"சார், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"இன்னும் முடிவாகலம்மா. இது சும்மா ஒப்பீனியன். எல்லார் மனசையும் தெரிஞ்சுக்கிறது."

"என் மனசு?"

"நீ கமிட்டியில இல்லையே."

"நான் எங்க போறது?"

"வட்டக்கானல்ல ஒரு ரூம் பாத்துக்க. ஜீப்புல வெரசா வந்திரலாம்."

"வெள்ளனே அஞ்சரைக்கு மணி அடிக்கணும். அந்நேரத்துக்கு எந்த ஜீப்பு சார் வரும்?"

"டைமர் வச்சு ஸ்பீக்கர்ல மணி போடலாமான்னு அடுத்த கணிப்பு இருக்கு" என்றார் பாலகுமார், ஆறுதல் சொல்கிறவர் மாதிரி.

அவள் மிச்ச இடத்தைப் பெருக்கினாள். நுவரெலியாத் தோட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்துக் கெடுபிடி அப்படியே இருந்தது. ஆனாலும் தொரை காலையில் பெரட்டுக் களத்துக்கு வந்து, கூலிகள் வரிசையாக நிற்க, இன்னார் லயத்து வீட்டைக் காலி செய் என்று முகத்துக்கு நேரே சொல்லுவான். திட்டினால் காதில் விழும் தூரத்தில் நிற்பான். இவர்களுக்கு அந்த யோக்கியதையும் இல்லை.

மத்தியானம் சுமலதாவின் கடையிலிருந்தே போன் போட்டாள். ஒரே ஒரு 'வேண்டாம்' போதும்.

மதுரை டாக்டர் எடுத்தார். "அதுவா? நான் அப்பவே சரின்னு போட்டுட்டேனே. நீலந்தானம்மா?"

"அது திரைச்சீலைங்க. இது என் வீடு."

"அப்படியா? எல்லாம் ஒரே மாதிரி வருது" என்று சிரித்தார். நோயாளி காத்திருந்தார்.

சென்னை எஞ்சினியருக்கு மெயில் பார்க்கத் தெரியாது. "மருமகன்தான் திறந்து காட்டுவார். ஞாயித்துக்கிழமை வருவார்."

"வெள்ளிக்கெழமையோட முடியுதுங்களே."

"அப்ப சம்மதம்னு ஆயிடும் இல்ல?" என்றார், கவலையில்லாமல்.

கோயம்புத்தூர் மில்காரர் மூன்றாவது. "எல்லாரும் ஒத்துக்கிட்டா நான் குறுக்கால நிக்க மாட்டேனம்மா. ஜெபம் பண்ணிக்கோ."

"எல்லாரும்னா யாருங்க?"

"எல்லாருந்தான்." வைக்கப் போனவர் நினைவு வந்தாற்போல, "மேல குளிரு இருக்குதா? மே ரெண்டாந்தேதி வர்றோம். வெந்நி நேரத்துலயே போட்டு வெச்சிரு, என்ன?" என்றார்.

ராஜகுமாரி ரிசீவரை வைத்தாள்.

"இன்னும் ஆறு பேரு இருக்காங்கக்கா, போடவா?"

"வேணாம் புள்ள. ஒரு மெயிலு போடு. ஒம்பது பேருக்கும்."

"கெஞ்சி எழுதவா, கோவமா எழுதவா?"

"ரெண்டும் வேணாம். பாலகுமார் சார் எழுதுறாப்புல எழுது."

அவள் சொல்லச் சொல்லச் சுமலதா இங்கிலீஷில் அடித்தாள். 'இந்த மே மாதம் விருந்தினர் அறைகளில் வெந்நீர் கிடையாது. பாய்லர் என் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. வீடு போனால் அதுவும் போகும், ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டுகிறவளும் போவாள். பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சம்மதமில்லாதவர்கள் வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் எழுதவும். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும். கோயில் வேலைக்காரி ராஜகுமாரி.'

"செத்தாங்க" என்று சொல்லிச் சுமலதா அனுப்பினாள்.

முதல் பதில் இருபது நிமிஷத்தில் வந்தது. டாக்டருக்கு மூட்டு வலி. குளிர்ந்த நீர் ஆகவே ஆகாது. செய்தி போனில் எட்டியதும் எஞ்சினியரின் மருமகன் ஞாயிறுவரை காத்திருக்கவில்லை, அன்று மாலையே வந்து திறந்துவிட்டார். மில்காரர் எல்லாருக்கும் குறுக்கே நின்றார். மாமியாருக்கு எண்பது வயது என்று ஒருவர் எழுதினார். கீசர் மாட்டலாமே என்றார் இன்னொருவர். சீசனில் இருக்கிற வோல்டேஜுக்குக் கீசர் இழுக்காது என்று நாலு பேர் அவர்மேல் பாய்ந்தார்கள். காரைத் தெருவிலேயே நிறுத்திக்கொள்ளலாம், நடப்பது உடம்புக்கு நல்லது என்றார் ஒருவர். வெள்ளி மத்தியானத்துக்குள் ஒன்பது பேரும் இடிக்க வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். சபை வரலாற்றில் அத்தனை ஒற்றுமை இருந்ததில்லை.

சுமலதா எல்லாவற்றையும் படித்துக் காட்டினாள்.

"என் பேரு எங்கயாச்சும் வருதா?"

சுமலதா மேலிருந்து கீழே மறுபடி பார்த்தாள். "இல்லக்கா. பாய்லரு பேரு பதினோரு எடத்துல வருது."

சாயங்காலம் பாலகுமார் அத்தனையையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். கோயில் நோட்டீஸ் போர்டில் 'கணிப்பு எண் 17: ஒத்திவைக்கப்படுகிறது' என்று குத்தினார். அவரைக் கேட்காமல் மெயில் போனதில் முகம் கடுகடுத்திருந்தது. ஆனால் ஒன்பது பேரும் பதில் எழுதிய கணிப்பு அவர் கணக்கில் முந்திரிக்குப் பிறகு இதுதான். அந்தப் பெருமையையும் விட மனமில்லை.

"சபை ஒம் மேல வச்சிருக்கிற அன்பப் பாத்தியா, ராஜகுமாரி?"

"பாத்தேன் சார். ஒம்பது வாளி."

அவர் கேட்காதவர்போல் பேனாவை எடுத்தார். "சரி, சுவரு வெடிப்புன்னு ஏதோ சொன்னியே, அதையும் அடுத்த கணிப்புல சேத்துருவோம். மூணாவது வரியா."

"மொத வரியாப் போடுங்க. வெடிப்பு பாய்லருக்குப் பின்னால ஓடுதுன்னு போடுங்க."

வெடிப்பு அடுப்படிச் சுவரில் இருந்தது. பாய்லர் கொல்லையில் இருந்தது. பதினைந்து வருஷத்தில் பாலகுமார் இரண்டையும் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. எழுதிக்கொண்டார்.