ஒரே இடத்துக்கு இரண்டு பேர்

பி.எல். முடித்தவன் ஒரு சீனியரிடம் கொஞ்ச காலம் இருந்து வேலை பழகினால்தான் சன்னது என்கிற உரிமம் வாங்கி வக்கீலாக முடியும். ஐம்பதுகளின் பிற்பகுதியில், மதுரையில் பேர்பெற்ற வக்கீல் ஒருவர் ஒரே ஒரு ஆளை எடுக்கப்போவதாகச் சேதி வந்தது. போடியிலிருந்து நானும், குரங்கணியிலிருந்து என்னோடு படித்தவனும் போவதென்று முடிவானது. எனக்கு வயலும் வரப்பும் இருந்தன. அவனுக்கு இது கிடைக்காவிட்டால், அப்பா வேலைபார்க்கும் ஏலக்காய்த் தோட்டத்திலேயே கணக்கு எழுதப் போக வேண்டியதுதான்.

போட்டிக்கு நிற்பவனோடு சேர்ந்து தயாராவது கிறுக்குத்தனம் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அவனை விட்டால் என் குறையை முகத்துக்கு நேரே சொல்ல ஆளில்லை. ஞாயிறுதோறும் மலையிறங்கி வருவான். ஒருவன் சாட்சியாக நிற்பான், மற்றவன் வக்கீலாகக் குறுக்கு விசாரணை செய்து பழகுவான்.

"மாப்ளே, நீ கேள்வி கேக்கல, வம்புக்கு இழுக்குற" என்பான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "பாத்தியா, இதத்தான் சொல்றேன்" என்பான்.

மதுரையில் அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. பேசாமல் போயிருக்கலாம், நானாயிருந்தால் போயிருப்பேன். அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"குமாஸ்தாவச் சாட்சியா நிறுத்தி வச்சிருக்காரு. அந்தாளு எதுக்கும் நேரா பதில் சொல்ல மாட்டாரு, ஒன்னயக் கிண்டுவாரு. நான் தடுமாறிட்டேன். நீ கோவப்படாத, சின்னச் சின்னதா கேளு" என்றான்.

குமாஸ்தா நன்றாகவே கிண்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு சின்னச் சின்னதாகக் கேட்டேன். சீனியர் அங்கேயே என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

ஊர் திரும்பும் ரயிலில் என் வாய் ஓயவில்லை. அந்த வக்கீலுக்கு ஆள் பார்க்கத் தெரியவில்லை என்றேன். உனக்கு இதைவிட நல்ல இடம் வரும் என்றேன். எனக்கொன்றும் இதில் பெரிய சந்தோஷமில்லை என்றுகூடச் சொன்னேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். உசிலம்பட்டி தாண்டியதும் என் பக்கம் திரும்பினான்.

"மாப்ளே, சுத்தி வளைக்காத. நான் கேக்குறேன், ஆமா இல்லன்னு மட்டும் சொல்லு. எடம் கெடச்சதுல ஒனக்குச் சந்தோசமா?"

வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஆமாவா, இல்லையா?"

"ஆமா" என்றேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கு வயிறு எரியுது" என்றான் அவன். "இப்பத்தான் ரெண்டு பேரும் நெசத்தப் பேசுறோம். சரி, உள்ள நீ என்னென்ன கேட்டேன்னு ஒண்ணு விடாம சொல்லு. நான் அடுத்த வக்கீல்கிட்டப் போகணும்ல."