இம்மாகுலேற் அக்காவின் தாழ்ச்சி

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இம்மாகுலேற் அக்காவைத் தெரியாத கத்தோலிக்கத் தமிழர் யாராவது இருந்தால், அவர் பூசைக்குப் போகாதவர் என்று எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு பூசையில் முன்வரிசை வாங்கில் முதல் இடம் அவருடையது. ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் பிள்ளைகளைக் கவனிப்பது அவருக்கு வேலை. மிச்ச நேரமெல்லாம் ஊராரைக் கவனிப்பார். அவருக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை: தமிழ் மாதா சபைக்குத் தலைவி ஆக வேண்டும். அந்தக் கதிரையிலோ, பிரான்சில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு வந்த டொலறஸ் அசையாமல் இருந்தார். ஆவணியில் அவருடைய பதவிக் காலம் முடிகிறது.

ஆகவே, அமெரிக்காவில் லக்கோட்டாப் பழங்குடி மக்களின் ஊரொன்றுக்குப் போய்க் கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு தொண்டு செய்ய யார் வருகிறீர்கள் என்று பங்குத்தந்தை கேட்டபோது, முதலில் உயர்ந்த கை இம்மாகுலேற்றினுடையது. லக்கோட்டா மக்கள் யார், எவர் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தேடிப் பார்த்தார்.

கணவர் செபஸ்தியாம்பிள்ளை கேட்டார்: "பக்கத்து வீட்டுப் பெடியன்ர பந்து எங்கட கார்டனுக்கை விழுந்தா நீர் எடுத்துக் குடுக்கிறேல்லை. அங்க போய் என்ன செய்யப் போறீர்?"

"பாவமப்பா அந்தப் பிள்ளையள். அன்பு காட்ட ஆக்கள் வேணும்."

அன்பு காட்டுவதற்கென்று பெட்டியில் பழைய ஸ்வெட்டர்களை அடுக்கினார். தான் படத்தில் நிற்பதற்கு இரண்டு புதுச் சேலைகளையும் வைத்தார். ஏழைப் பிள்ளைகள் சூழ நடுவில் தான் நிற்கும் அந்தப் படம் கோயில் அறிவித்தல் பலகையில் ஏறிவிட்டால், தலைவி பதவி தானாக வரும் என்பது அவருடைய கணக்கு. டொலறஸும் கூடவே வந்ததுதான் வயிற்றெரிச்சல்.

அந்த ஊரில் பிள்ளைகளின் விடுமுறை வகுப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் லொறெயின் என்ற பெண். வந்த அன்றே, பிள்ளைகளைப் படம் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். "வருகிறவர்கள் எல்லோரும் படத்தோடு போகிறார்கள். பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சுகிறது?" என்றார். ஸ்வெட்டர்களை நன்றி சொல்லி வாங்கி ஓர் அறைக்குள் வைத்தார். முந்தி வந்த புண்ணியவான்கள் கொடுத்த ஸ்வெட்டர்கள் அங்கே கூரை வரைக்கும் இருந்தன.

இம்மாகுலேற் வேறு வழியில்லாமல் பிள்ளைகளைக் கைகட்டி, வாயில் விரல் வைத்து இருக்கச் சொன்னார். அவர்கள் மரியாதையாகப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். ஒரு பின்னேரம் எரிச்சலிலும் அலுப்பிலும் ஒரு தடியை எடுத்து மண்ணில் கோடு கீறி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சின்ன வயதில் ஊரில் ஓடி விளையாடிய கிளித்தட்டைப் பிள்ளைகளோடு மறிக்கத் தொடங்கினார். மூச்சு வாங்க ஓடினார், விழுந்தார், கள்ள விளையாட்டும் விளையாடினார். அடுத்த நாளிலிருந்து பிள்ளைகள் காலையிலேயே வந்து அவரைக் கையில் பிடித்து இழுத்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த நாட்களில் அவருக்குத் தலைவி பதவி நினைவிலேயே இல்லை.

கடைசி நாள் விருந்து வைத்தார்கள். தாங்கள் மதிக்கிறவருக்குப் பொருள் கொடுத்துக் கௌரவிப்பது அந்த மக்களின் வழக்கம். துணித்துண்டுகள் சேர்த்துத் தைத்த, நடுவில் பெரிய நட்சத்திரம் உள்ள போர்வையொன்றை லொறெயின் விரித்துப் பிடித்து, "பிள்ளைகள் உங்களைத் தெரிந்தெடுத்தார்கள்" என்றார்.

இம்மாகுலேற்றுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் வாய் யாழ்ப்பாணத்து வாய். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டாலே இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தரம் வற்புறுத்தினால்தான் வாங்க வேண்டும் என்று பழக்கப்பட்ட வாய். "ஐயோ, எனக்கெதற்கு? வேண்டாம். வேறு யாருக்காவது கொடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அடுத்த வற்புறுத்தலுக்காகக் காத்து நின்றார்.

அது வரவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று எடுத்துக்கொண்ட லொறெயின், பக்கத்தில் நின்ற டொலறஸிடம் போர்வையை நீட்டினார். டொலறஸ் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி இரண்டு கையாலும் வாங்கித் தோளில் போர்த்திக்கொண்டார். தினமும் இம்மாகுலேற்றைக் கையில் பிடித்து இழுத்த சின்னப் பெண்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. போர்வை போனதை விட அதுதான் அவருக்குச் சுட்டது.

ஆவணியில் சபை கூடியது. டொலறஸ் போர்வையை எல்லோருக்கும் விரித்துக் காட்டினார். பொய் சொல்லத் தெரியாத மனுசி.

"இது எனக்கெண்டு வந்த சாமான் இல்லை. பிள்ளையள் இம்மாகுலேற்றுக்குத்தான் குடுத்தவை. அவ, எனக்கு வேண்டாம், வேற ஆருக்கும் குடுங்கோ எண்டிட்டா. இப்பிடித் தாழ்ச்சியான ஒரு ஆளை நான் காணேல்லை."

மண்டபமே கைதட்டியது. இம்மாகுலேற் தலையைக் குனிந்துகொண்டார். இனிப் பதவி எங்கே போகும் என்று நினைத்தார். அப்போது செயலாளர் பியற்றிஸ் எழுந்தார்.

"நான் இம்மாகுலேற் அக்காவைத்தான் தலைவியா இருக்கச் சொல்லிக் கேப்பம் எண்டு வந்தனான். ஆனா அவ பட்டம் பதவியை விரும்பாத ஆள். நாங்கள் அவவைக் கரைச்சல் படுத்தப்படாது. டொலறஸ் அக்காவே இன்னும் கொஞ்சக் காலம் இருக்கட்டும்."

கைகள் மளமளவென்று உயர்ந்தன. இம்மாகுலேற்றுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றார்.

"எனக்கு விருப்பம்," என்றார். "தலைவியா இருக்க எனக்கு விருப்பம். அந்தப் போர்வையும் எனக்கு வேணும்."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. "அக்கா நல்லாப் பகிடி விடுறா" என்றார் பியற்றிஸ். இம்மாகுலேற்றுக்குக் கண் நிறைந்து வழிந்தது. சிரித்துச் சிரித்தே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது என்று எல்லோரும் இன்னொரு தரம் கைதட்டினார்கள்.