அமலம்மாளின் மூக்கும் மாதாவின் பூவும்

தும்மல் வருகிறது என்று தெரிந்தால் அமலம்மாள் முதலில் பூ ஜாடியைத்தான் தள்ளி வைப்பார். கைக்குட்டை பிறகுதான். "என் மூக்கு எக்கேடு கெட்டாலும் பரவால்ல, மாதா மேல படக்கூடாது" என்பார். சொல்லி முடிப்பதற்குள் வந்துவிடும். ஒன்றோடு நிற்கிற மூக்கு இல்லை அது.

வார நாள்களில் பினாங்கின் பாயான் பாருவில், தூசி ஆகாத மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, முகக் கவசம், கண் மட்டும்தான் வெளியே தெரியும். அங்கே ஒரு தும்மல் கிடையாது. சனிக்கிழமை மாலை கோயிலில் மாதா பீடத்துக்குப் பூ வைக்க உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடும். கணவர் நாதன் இறந்த வாரத்தில்கூட அந்த வேலையை அவர் விடவில்லை. "அழறதுக்கு எனக்கு அந்த ஒரு எடந்தான் லா இருந்துச்சு" என்பார்.

சாமந்திதான் ஆகவில்லை என்று அவரே முடிவு கட்டி, சூரியகாந்திக்கு மாறினார். மூக்கு கேட்கவில்லை. லிட்டில் இந்தியா பூக்கடையில் பேரம் பேசி ஜெர்பரா வாங்கி வந்தார். கண்ணும் சேர்ந்து ஒழுகியது. உடம்புச் சூடுதான் காரணம் என்று தீர்மானித்து, பினாங்கில் எல்லாரும் செய்வதுபோல் காய்ந்த சாமந்தியைக் கொதிக்க வைத்து, கற்கண்டு போட்டுக் காலையும் மாலையும் குடித்தார். தொண்டை அரித்தது. அரிக்க அரிக்க இன்னொரு குவளை ஊற்றிக்கொண்டார். பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஒரு ஞாயிறு பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்திருக்க, கோயிலே மூச்சடங்கி இருந்த நேரத்தில் அமலம்மாள் தும்மினார். தும்மிக்கொண்டே இருந்தார். பூசை முடிந்ததும் பங்குக் குழுத் தலைவர் செபாஸ்டியன் வந்து நின்றார்.

"அக்கா, மாதா திருவிழாவுக்குப் பிளாஸ்டிக் பூ போட்டுருவோம். நீங்க ரெஸ்ட் எடுங்க லா."

"ஒங்க மக கல்யாணத்துக்குப் பிளாஸ்டிக் மாலை போடுவீங்களா தம்பி?"

"எல்லாரும் திரும்பிப் பாத்தாங்கக்கா."

"தும்முனது மூக்கு. என் கை என்ன பாவம் பண்ணுச்சு?"

மறுநாளே கிளினிக்குக்குப் போனார். டாக்டர் நஸீஹா சோதனை செய்து பார்த்துவிட்டு, மலாய் மொழியில் பொறுமையாகச் சொன்னார். சாமந்தி, சூரியகாந்தி, ஜெர்பரா மூன்றும் ஒரே குடும்பம். மகரந்தத்தில் இருக்கும் புரதங்களும் ஏறக்குறைய ஒரே முகச்சாயல். ஒன்றைப் பகையாளி என்று உடம்பு நினைத்துவிட்டால், அதன் உறவுக்காரர்களையும் அதே ஆள் என்று விரட்டக் கிளம்பிவிடும். குடிக்கிற தேநீரும் அதே சாமந்திதான், அதனால்தான் தொண்டை அரிப்பு.

"அடப்பாவி! மருந்துன்னு நெனச்சு அந்தச் சனியனையேவா ஊத்திக் குடிச்சேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பூ வேலையை விட்டுவிடுவதும் நல்லது என்றார் டாக்டர். அது அமலம்மாள் காதில் ஏறவில்லை. "இந்தக் குடும்பத்துல சேராத பூ எது, அத சொல்லுங்க" என்று நாற்காலியைவிட்டு எழாமல் உட்கார்ந்திருந்தார். ஆர்க்கிட் என்ற பெயர் வாங்கிய பிறகுதான் எழுந்தார்.

திருவிழாக் காலையில் முன்னெச்சரிக்கையாக முகக் கவசம் மாட்டி, ஊதா ஆர்க்கிட்டை அணைத்துப் பிடித்துக்கொண்டு அவர் நுழைந்தபோது, ஜாடிகளில் பிளாஸ்டிக் சாமந்தி நின்றது. பக்கத்தில் செபாஸ்டியன் நின்றார்.

"சொன்னா கேக்க மாட்டீங்களாக்கா? இன்னைக்கும் தும்முனா?"

அமலம்மாள் விறுவிறுவென்று ஜாடிகளிடம் போனார். பிளாஸ்டிக் பூக்களை ஒவ்வொன்றாக உருவி செபாஸ்டியன் கைகளில் அடுக்கினார். முகக் கவசத்தைக் கழற்றினார். ஆர்க்கிட் கொத்துக்குள் மூக்கு புதையும்வரை முகத்தை வைத்து, நெஞ்சு நிறைய இழுத்தார். பிறகு நிமிர்ந்து, செபாஸ்டியன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

ஒன்றும் வரவில்லை.

"ஜாடியில தண்ணி இல்ல. புடிச்சிட்டு வாங்க தம்பி" என்று காலி ஜாடியைத் தூக்கி, அவர் கையிலிருந்த பிளாஸ்டிக் பூக்களின் மேலேயே வைத்தார்.